ஜலதாரை அடைப்பு

"மறுபடியும் அடைச்சிண்டாச்சு!"

ஸ்நான அறையில் கணுக்கால் அளவு தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பத்மாஸினி போட்ட சத்தம் கிருஷ்ணமூர்த்திபுரத்தில் பாதித் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

கணவர் சம்பத்குமார் பேப்பரை இறக்காமலே, "மல்லப்பனுக்குச் சொல்லி அனுப்பு. வந்து குத்திவிட்டுப் போவான்" என்றார்.

"போன மாசமும் குத்தினான். அதுக்கு முந்தின மாசமும் குத்தினான். குத்தினா, அடைப்பு கொஞ்சம் தள்ளிப் போய் உட்காந்துக்கறது. எதனால அடைக்கறதுன்னு யாராவது யோசிச்சேளா? நான் யோசிச்சேன். நாவிதன் கெம்பையன் வந்துட்டுப் போன மறுநாள்தான் ஒவ்வொரு தரமும் அடைக்கறது!"

பேப்பர் இறங்கியது. "மெல்லப் பேசு. அம்மா காதுல விழும்."

"விழட்டுமே!"

கைம்பெண்ணான மாமியாருக்கு மாசம் ஒரு தரம் தலை க்ஷவரம். பழைய காலத்து மனுஷி, போகட்டும். நாத்தனார் யதுகிரி என்ன பாவம் செய்தாள்? புருஷன் போன பத்தாம் நாள், குல ஆசாரம் என்று முன்னால் நின்று, அந்தச் சின்னப் பெண்ணின் தலையை மழிக்க வைத்தவள் இந்த மாமியார். பெற்ற தாய்!

அன்றிலிருந்து பத்மாஸினி மாமியாரிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை.

மாசாமாசம் கெம்பையன் கொல்லைப் பக்கம் வருவான். அவன் போனதும் தாயும் பெண்ணும் ஸ்நான அறைக்குள் நுழைந்து தாழ் போட்டுக்கொள்வார்கள். மத்தியானம் வரை ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது.

"என்னடீ கத்தல்?" முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மாமியார் வந்து நின்றாள். பின்னால் யதுகிரி.

"மழிச்ச முடியைக் கெம்பையன் ஜலதாரையில தள்ளிட்டுப் போறான். தேசத்துக்கே சுதந்திரம் வந்தாச்சு, நம்மாத்துப் படியை மட்டும் அது இன்னும் ஏறலை!"

"கான்வென்ட்ல இந்த வாயைத்தான் கத்துக் குடுத்தாளா? ஆசாரம்னா உனக்கு என்னடீ தெரியும்?"

அதற்குள் மல்லப்பன் நீள மூங்கில் சிம்போடு வந்து, கொல்லைக் குழியின் மூடியைத் திறந்தான்.

"தள்ளிவிடாதே மல்லப்பா. இன்னிக்கு வெளியே இழுத்துக் காட்டு."

"வேண்டாம்!" என்றாள் மாமியார். "தள்ளிவிட்டாப் போறும்."

"இழுன்னா இழு!"

சிம்பின் நுனியில் கொக்கி மாட்டி இழுத்தான். சேறும் சீயக்காய்ச் சக்கையுமாக ஒரு கறுப்பு உருண்டை வந்து விழுந்தது.

"முடிதான், அம்மாவரே."

"சொன்னேனா இல்லையா!" பத்மாஸினி ஒரு குச்சியால் அதைக் கிளறினாள். கிளறின கை அப்படியே நின்றது.

மழித்த முடி என்றால் துணுக்குத் துணுக்காக இருக்கும். இது ஒவ்வொன்றும் முழ நீளம். கருகருவென்று, சீப்பில் உதிர்ந்த முடி.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாமியாரின் முக்காடு சரிந்து மொட்டைத் தலை தெரிந்தது. யதுகிரி இரண்டு கையாலும் முக்காட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"என்ன இருந்தது?" சம்பத்குமார் எட்டிப் பார்த்தார். "அடேயப்பா! யார் முடி இவ்வளவு நீளம்?"

"என் முடிதான்" என்றாள் பத்மாஸினி.

"டைபாய்டுக்கு அப்புறம் உனக்கு இருக்கறது எலிவாலாச்சே?"

"கொட்டினதெல்லாம் இங்கே இருக்கு, அதான் தலையில எலிவால் மிச்சம்! ஆபீசுக்கு நாழியாகலையா உங்களுக்கு?"

அவர் பேப்பருக்குத் திரும்பினார். மல்லப்பனும் குழியை மூடிவிட்டுப் போனான்.

"எத்தனை நாளாம்மா?" பத்மாஸினி மாமியார் பக்கத்தில் போய்க் கேட்டாள்.

"ஊர் பாக்க மழிச்சது அந்த முதல் தரம்தான். அப்புறம் அவ தலையில கத்தி பட விடலை. கெம்பையன் எனக்கு மட்டும் மழிச்சுட்டுப் போயிடுவான், நான் உள்ளே இவளுக்கு எண்ணெய் தேச்சு விடுவேன்." மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆசாரம் ஆசாரம்னு நான் கத்தறதாலதான் ஒருத்தரும் அந்தக் கதவைத் தட்டறதில்லை. இவ பெரியப்பா ஆசாரம் பாக்கறவர், அவருக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேற நாவிதனைக் கூட்டிண்டு வந்து நிப்பார். உன் ஆத்துக்காரன் தடுக்கவா போறான்?"

பத்மாஸினி உள்ளே போனாள். சமையலறையிலிருந்து பழைய பித்தளைச் சல்லடையை எடுத்து வந்து, முடி இறங்காதபடி ஜலதாரை வாயில் கவிழ்த்து வைத்தாள். பிறகு மாமியாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்கோம்மா. இத்தனை நாளா உங்களை என்னவெல்லாம் திட்டிட்டேன்..."

"அதை மட்டும் நிறுத்திடாதேடீ பத்மா" என்றாள் மாமியார். "ஊருக்குச் சந்தேகம் வந்துடும்."