இரண்டு டம்ளர் தண்ணீர்

அடுத்தவர் சந்தோஷமாக இருந்தால், துணி வெட்டுகிற கட்டிங் அக்காவுக்குப் பொறுக்காது என்பது அந்தத் தையல் கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

புதுத் துணி உடுத்திக்கொண்டு வந்தால், "ஒரு தரம் துவைச்சுட்டு வந்து காட்டு" என்பாள். செல்போனில் வந்த வைத்தியக் குறிப்பை யாராவது ஆசையாகப் படித்துக் காட்டினால், "இதை யாரு சோதிச்சுப் பார்த்தாங்க?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவாள்.

அன்றைக்கும் அப்படித்தான்.

சாப்பாட்டு இடைவேளையில் டை கட்டிய ஒருவர் வந்தார். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்பவர். துணி வெட்டும் மேசையில் இரண்டு டம்ளர்களை வைத்தார். ஒன்றில் கூடத்துக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவருடைய மெஷினில் பிடித்து, பாட்டிலில் கொண்டு வந்த தண்ணீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

இரண்டிலும் ஜோடி ஜோடியாக இரும்புக் கம்பிகளை இறக்கி, பிளக்கைச் செருகினார்.

ஒரு நிமிஷம்தான். குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி, செம்பழுப்பாகி, மேலே சேறுபோல ஏதோ மிதந்தது. மெஷின் தண்ணீர் அப்படியே பளிச்சென்று இருந்தது.

"பார்த்துக்கோங்கம்மா. தினமும் நீங்க குடிக்கிறது இதைத்தான். உங்க பிள்ளைங்க குடிக்கிறதும் இதைத்தான்."

காஜா கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே போட்டுவிட்டாள். சட்டைகளுக்குப் பொத்தான் துளை, அதாவது காஜா எடுக்கிற வேலை அவளுக்கு. அதனால் கூடத்தில் அவள் பெயரே காஜா ஆகிவிட்டது. வீட்டில் நாலு வயசு மகள். போன மாசம் முழுக்க வயிற்றுவலி என்று சுருண்டு கிடந்த பிள்ளை. இந்தக் கண்றாவியையா என் கையாலேயே ஊற்றிக் கொடுத்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சொந்தமாக ஒரு தையல் மெஷினுக்கு முன்பணம் கட்டி வைத்திருந்தாள். அது வந்துவிட்டால் வீட்டிலேயே உட்கார்ந்து தைக்கலாம், பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். ஒரு வருஷத்துக் கனவு. போனால் போகிறது, பிள்ளையைவிடவா? அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு அந்தப் பணத்தில் இந்தத் தண்ணீர் மெஷினை வாங்கிவிடலாம் என்று, கையெழுத்துப் போடப் பேனாவையும் வாங்கிவிட்டாள்.

"கொஞ்சம் பொறு காஜா."

கட்டிங் அக்காதான். "வந்துட்டாங்கடி" என்று அயர்ன் போடுகிறவள் முணுமுணுத்தாள்.

அக்கா யாரையும் கண்டுகொள்ளவில்லை. தன் சாப்பாட்டு டப்பாவின் மூலையில் இருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து, தெளிவாக இருந்த டம்ளரில் போட்டுக் கலக்கினாள். இப்போ மறுபடியும் கரண்ட் விடுங்க என்றாள்.

"உப்பு போட்டா மட்டும் என்னம்மா ஆகிடும்? தாராளமா பாருங்க" என்று சிரித்துக்கொண்டே பிளக்கைச் செருகினார் அவர்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கத்து டம்ளரைத் தோற்கடிக்கிற நிறத்தில் மெஷின் தண்ணீர் கலங்கிக்கொண்டு வந்தது.

எல்லாரும் டப்பாவை மூடிவிட்டு டம்ளரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"ஏங்க்கா, உங்க வீட்டு உப்பு அவ்வளவு அழுக்கா?" என்று காஜா கேட்டதில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"உப்பை விடு. கம்பியைப் பாரு."

கம்பியை வெளியே எடுத்துப் பார்த்தால், எலி கடித்ததுபோல அரித்துக் கிடந்தது. உப்போ தாதுவோ கரைந்திருந்தால்தான் தண்ணீரில் கரண்ட் நன்றாக ஓடும், ஓடினால் இரும்பு கரைந்து துருவாகக் கொட்டும், மெஷின் தண்ணீரில் எதுவும் கரைந்திருக்கவில்லை, அதனால்தான் கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அக்கா துணி அளக்கிற நிதானத்தோடு சொல்லி முடித்தாள்.

இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று காஜாவுக்கு ஆச்சரியம்.

"நீ படிச்ச அதே பள்ளிக்கூடப் புத்தகத்துலதான். நீ பரீட்சையை எழுதிட்டு, படிச்சதை அங்கேயே வச்சுட்டு வந்துட்ட."

"அப்போ குழாய்த் தண்ணி நல்ல தண்ணிங்களா?"

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்? அது நல்லதா கெட்டதான்னு இந்தக் கம்பிக்குத் தெரியாதுன்னு சொன்னேன். சோதனைக்குக் குடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் கொதிக்க வச்சு ஆற வச்சுக் குடு. வயித்துவலிக்கு டாக்டரைப் பாரு."

காஜா பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். தையல் மெஷின் பிழைத்தது. மனசுக்குள் அது இப்போதே கடகடவென்று ஓட ஆரம்பித்துவிட்டது.

இனி டைக்காரர் பாடுதான் திண்டாட்டம். உங்க கம்பெனி விக்கிறது மெஷினா துருவா என்று ஒருத்தி கேட்டாள். கரண்ட் செலவுக்கு யார் பொறுப்பு என்று இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். இந்நேரம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும் அந்த மனுஷன்.

ஓடவில்லை. பாட்டிலில் இருந்து வேறு தண்ணீர் ஊற்றினார், புதுக் கம்பி மாட்டினார், அக்காவிடமே உப்பு கேட்டு வாங்கிப் போட்டார். கலங்கியது. இன்னொரு தடவை செய்தார். அப்போதும் கலங்கியது. டையைத் தளர்த்தினார். அப்புறம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

காஜாவுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. "அடுத்து எந்த வீட்டுக்கு சார் போறீங்க, காது குத்த?" என்றாள்.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"என் மாமியார் வீட்டுக்கும்மா. அவங்க வீட்டுத் தண்ணியில இதே கம்பியை விட்டுப் பார்த்துட்டுத்தான், ஆறு மாசமா என் பிள்ளையை அந்த வீட்டு வாசப்படி மிதிக்க விடாம வச்சிருக்கேன்."