செம்புக்கும் கைக்கும் நடுவே

வாடிப்பட்டிக் கல்யாண மண்டபத்தின் வாசல் கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில் ஒரு பழைய ஓவியம் மின்னுகிறது. அறுவடைக் களத்தில் பண்ணையார் செம்பை உயர்த்தித் தண்ணீர் ஊற்றுகிறார். கூலியாள் குனிந்து, குவித்த கைகளில் ஏந்திக் குடிக்கிறான். கீழே பித்தளைத் தகட்டில் ‘வள்ளல்’ என்று எழுதியிருக்கிறது. அதன் முன்னால் மாப்பிள்ளையின் நண்பர்கள் இருவர் அதே மாதிரி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். “இன்னும் குனிடா மாப்ள, கூலிக்காரன் மாதிரியே இல்லையே!” என்று ஒருவன் தண்ணீர் பாட்டிலைச் சரிக்கிறான். சிரிப்பு வெடிக்கிறது. கல்யாணத்துக்கு வந்திருக்கும் தமிழ்வாணி அவர்கள் பக்கம் திரும்புகிறாள். பக்கத்தில் நிற்கும் அவள் தகப்பனார் சின்னான் அப்படிக் குடித்தே வளர்ந்தவர். “செம்பு ஏன் அம்புட்டு ஒசரத்துல இருக்குன்னு தெரியுமா தம்பி? எங்க அய்யா கை பட்டா தீட்டுன்னுதான்” என்கிறாள். சிரிப்பு அடங்குகிறது. பாட்டில் வைத்திருப்பவன் முகம் வாடி, “தண்ணி குடிங்கய்யா” என்று அவரிடம் வருகிறான். சின்னானின் முதுகு தானாக வளைகிறது. கைகள் குவிந்து வாயருகே போகின்றன. தாயே மீனாட்சி, இன்னுமா என்று தமிழ்வாணி கண்களை மூடிக்கொள்கிறாள். திறக்கும்போது, அவன் அந்தக் கைகளை மெல்லப் பிரித்துப் பாட்டிலை அவற்றுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறான். “நிமிந்து நின்னு, வாய் வச்சே குடிங்கய்யா.”