அவள் தேடியது

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கணவன் மனைவியின் போனை எடுக்கிறான். ஒரு வாரமாக அவனைக் கண்டாலே அவள் திரையை மறைக்கிறாள். வேறு எவனோ இருக்கிறான் என்ற சந்தேகம் அவன் மனதை அரிக்கிறது. அவள் தேடியவற்றின் பட்டியலைத் திறக்கிறான். ஜன்னல் வெயிலில் கண் கூசும் திரையை நிழலுக்குத் திருப்பிப் படிக்கிறான்: ‘வேலை போனதை மறைக்கும் கணவரிடம் எப்படிப் பேசுவது?’ அதற்குக் கீழே அதே கேள்வி, ‘மனம் நோகாமல்’ என்ற சொற்கள் சேர்ந்து. இரண்டு மாதமாக ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிப் பூங்காவில் உட்கார்ந்திருப்பவன், திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நிற்கிறான். தண்ணீர் நிற்கிறது. போனை இருந்த இடத்திலேயே வைக்கிறான். ஈரத்தலையோடு வருகிறவள், “என்னங்க, இன்னும் கிளம்பலையா?” என்கிறாள். “எனக்கு வேலை போயிடுச்சும்மா.” அவள் கண் நிறைந்து அவன் கையைப் பற்றுகிறாள். “நீங்களா வாய் திறந்து சொன்னீங்களே, அது போதும்.” அந்தக் கைக்குள் அவன் விரல்கள் கூசுகின்றன. போனைப் பார்த்ததை மட்டும் அவன் சொல்லவில்லை.