முப்பது பேர் முன்னால் தந்த வாக்கு

“மிஸ், நீங்க வாக்குக் கொடுத்தா மீறவே மாட்டீங்களா?”

கேட்டவள் இமோஜென். ஒன்பதாம் வகுப்பு.

மதம், தத்துவம், அறம் மூன்றையும் ஒரே பாடமாக நடத்தும் கெர்ரி தாக்ரே, இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸின் இந்தப் பள்ளிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இந்தப் பெண் வாய் திறந்து இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

“மிஸ்ஸா? மொத வாரமே டெஸ்ட் பேப்பர் தர்றேன்னாங்க, இன்னும் வரல!” என்றான் பின்வரிசை ரோரி. வகுப்பே சிரித்தது.

கெர்ரியும் சிரித்தாள். “அது வேற. நெஜமா வாக்குக் கொடுத்தா மீற மாட்டேன்” என்றாள்.

மணி அடித்தது. எல்லோரும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். இமோஜென் எழவில்லை.

“ஒண்ணு சொல்றேன். நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. இப்பதான் எல்லார் முன்னாலயும் சொன்னீங்க.”

அப்படியெல்லாம் உறுதி தரக் கூடாது என்பது ஆசிரியர்களுக்கு முதல் விதி. கெர்ரி பேச வாயெடுப்பதற்குள் இமோஜென் ஸ்வெட்டர் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டாள்.

கன்றிப்போன சில காயங்கள் பழசாகி மஞ்சள் பூத்திருந்தன. ஒன்று அன்று காலையில்தான் பட்டதுபோல் சிவந்திருந்தது.

“வீட்டிலயா?”

ஆமாம் என்று தலையசைத்தாள்.

கெர்ரி பக்கத்தில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னாள். அந்த வாக்கு தன் தவறு. பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிப்பவர் துணைத் தலைமையாசிரியர் மிஸ்டர் லோமக்ஸ். இதை இன்றைக்கே அவரிடம் சொல்லியாக வேண்டும்.

இமோஜென் அழவில்லை. ஸ்வெட்டர் கையை மெதுவாக இறக்கிக்கொண்டாள்.

“தேடிப் போக வேணாம் மிஸ். வெளியதான் நிக்கிறார்.”

கதவின் கண்ணாடிச் சதுரத்தில் லோமக்ஸ் புன்னகைத்தார்.

“இம்மி, அப்பா வந்துட்டேன். வீட்டுக்குப் போலாம், கெளம்பு.”

கெர்ரி எழுந்துபோய்க் கதவை உள்ளிருந்து பூட்டினாள். தன் கை பூட்டுவதைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகராட்சியின் குழந்தைகள் நலப் பிரிவைப் போனில் அழைத்தாள்.

கைப்பிடி இறங்கியது. மறுபடியும் இறங்கியது.

“பூட்டிக்கிச்சா? இருங்க, எல்லா ரூம் சாவியும் எங்கிட்ட இருக்கு.”

அந்த அறைக்கு வேறு வாசல் இல்லை. ஜன்னல்கள் ஒரு சாண் மட்டுமே திறக்கும்.

இமோஜென் வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். கெர்ரி கதவைப் பார்த்தபடி முதலில் சிறுமியின் பெயரைச் சொன்னாள். பிறகு லோமக்ஸின் பெயரை, வெளியே அவர் காதில் விழும்படி.

பூட்டின் துவாரத்தில் திரும்பிக்கொண்டிருந்த சாவி பாதியில் நின்றது.