இரவல் வாட்ச்

போன வருஷம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட கணேஷ்குமாருக்கு, நாடித்துடிப்பு காட்டும் வாட்ச் ஒன்று வாங்கலாமா என்று மனைவி ரோகிணி யோசித்தாள். எதிர்வீட்டு வேதா, இறந்துபோன தன் கணவரின் வாட்சைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“ஒரு வாரம் அண்ணா கட்டிப் பார்க்கட்டும்க்கா. பிடிச்சா புதுசா ஒண்ணு வாங்குங்க.”

மாரெட்பள்ளியில் இப்படிப்பட்ட மனங்களைக் கடவுள் இன்னும் வைத்திருக்கிறார்.

ஞாயிறு மதியம் கணேஷ்குமார் அதைக் கழற்றினார். “நக்கோம்மா, வேண்டவே வேண்டாம். எழுந்திரு, நடன்னு உன்னை மாதிரியே தொணதொணக்குது.”

“நான் சொன்னா மட்டும் கேட்டுட்டீங்களாக்கும்” என்று சிரித்தபடி ரோகிணி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கப் போனார்.

சாயங்காலம் வேதா வந்தாள். கண்கள் கலங்கியிருந்தன. “வாட்சை எங்க வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால வெச்சேன்க்கா. யார் கையிலயும் இல்ல, ஆனா நாடி காட்டிக்கிட்டே இருந்தது. அவரே வந்துட்ட மாதிரி, விளக்கேத்தி உட்கார்ந்திருந்தேன்.”

“இப்பவும் காட்டுதா?”

“இல்லக்கா. கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு, இப்பத்தான் நின்னுடுச்சு.”

ரோகிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு படுக்கையறைப் பக்கம் திரும்பி, தூங்குகிறவரை எழுப்ப மனமில்லாதவள் போல, மிக மெல்ல, “என்னங்க” என்று கூப்பிட்டாள்.