பென்சில் கட்டம்

“கடலோரம் புதுசா கருவாட்டுக் களம் வருது சார். நாத்தம் தாங்காது. உப்பளத்து ஆளுகளுக்கு அது பழக்கந்தானே? அவங்களுக்குக் கட்டுற லேபர் லைன் வீடுகள அங்கன தள்ளிருவோம். ஆபீசர் குவார்ட்டர்ஸ் மேக்கே ரோட்டோரம் வரட்டும்.”

இன்ஜினியர் தேவபிரசாதம் உப்புக் கம்பெனி மானேஜரிடம் சொன்னது, வாசலில் நின்ற அய்யாக்குட்டியின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது.

முதல் பிளானில் ஆபீசர்களுக்குத்தான் கடலோரம். இப்போது தலைகீழாகிவிட்டது. இன்னும் வராத நாற்றத்துக்கே மானேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வெயிலில் போய் இடத்தைப் பார்க்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

அவர் போனதும் அய்யாக்குட்டி உள்ளே நுழைந்தார். உப்பளத்து ஆட்களுக்கு அவர்தான் தலைவர். பெண்டாட்டி ஆறுமுகத்தாய்க்கு இளைப்பு. காற்றில்லாத குடிசையில் பொழுதுக்கும் மூச்சு முட்டிக் கிடக்கிறாள். புது வீடு வந்தால் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பியிருந்தார்.

“நாசரேத்துக்காரரு, நம்ம பக்கத்து மனுசன்னு நெனச்சேன். எங்களுக்கு மட்டும் மூக்கு இல்லையா சார்? நாளைக்கு ஒருத்தனும் உப்புப் பாத்தியில இறங்க மாட்டான்.”

“இறங்காண்டாம். மொதல்ல இதச் சொல்லும். கொண்டக் காத்து எங்கிருந்து வரும்?”

“கிழக்கே கடல்ல இருந்து. சின்னப்பிள்ளகூடச் சொல்லும்.”

“உங்க லைனுக்குக் கரண்டே கிடையாதுன்னு கம்பெனி சொல்லிட்டு. ஆபீசர் வீட்டுக்கே அரைநாள் பவர்கட். ஃபேன் ஓடாத வீட்டுல காத்துதான ஓடணும்? அதான் கிழக்கே பூரா ஓட்டை வச்ச செங்கச் சுவரு. மேக்கே ஜன்னலே இல்ல, கனமான சுண்ணாம்புச் சுவரு. வெயிலு உள்ள ஏறாது.”

அய்யாக்குட்டிக்குக் கோபம் இறங்கவில்லை.

“காத்து வரும், சரி. கூடவே கருவாட்டு நாத்தமும் வருமே. இளைப்புக்காரி எப்படித் தாங்குவா?”

“எந்தக் கருவாடு?” தேவபிரசாதம் பிளானை அய்யாக்குட்டி பக்கமாகத் திருப்பி வைத்தார்.

வீடு, ரோடு, கிணறு எல்லாம் மையில் வரைந்திருந்தன. ‘கருவாட்டுக் களம்’ என்று எழுதிய கட்டம் மட்டும் பென்சிலில் இருந்தது.

மானேஜரின் கையெழுத்து காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்ஜினியர் ரப்பரை எடுத்துக் களத்தை அழித்தார்.