ஊறாத கரி

அக்காவின் தக்காளிப் பாத்தி முழுவதும் இலை மஞ்சளாகி நிற்கிறது. அதற்கு முழுப் பொறுப்பும் தம்பிதான். மண்ணை வளமாக்கிக் காட்டுகிறேன் என்று மார்தட்டிவிட்டு, டிரம்மில் சுட்ட கரியைச் சாணிக் கரைசலில் இரண்டு வாரம் ஊறவைக்கப் பொறுமையில்லாமல் அப்படியே கொட்டிக் கொத்திவிட்டான். பசியோடு மண்ணுக்குள் போன கரி, செடிக்கு இருந்த சத்தையெல்லாம் தானே உறிஞ்சிக்கொண்டது. உச்சி வெயிலில் அக்கா குனிந்து, தான் தண்ணீர் சுமந்து வளர்த்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அவன் காலடியில் எறிகிறாள். வேரில் ஒட்டிய கரித்துண்டுகள் மினுங்குகின்றன. அவன் மூக்கு நுனியிலும் கரி. துடைக்கத் துடைக்க அது மீசையாகிறது. வேறு நாளாக இருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

"அடுத்த தடவையும் நிலத்தை என்கிட்ட விடுவியாக்கா?"

"வாளியை நகர்த்து."

"விடுவியா, மாட்டியா?"

"வெயில்ல நிக்காதே, மூளை உருகிடும். அது இருந்தாத்தானே!"

இன்னொரு செடி பறந்து வந்து அவன் முழங்காலில் மோதுகிறது.

"எவ்வளவு வேணா திட்டுக்கா. பதிலை மட்டும் சொல்லிடு."

அக்கா நிமிர்கிறாள். கண்கள் சிவந்திருக்கின்றன.

"விடமாட்டேன். கரியை நீ சுடு, சாணியை நீ கரை. ஊறிடுச்சான்னு பாத்து மண்ணுல போடுறது நான்."